நேராத்தான் இருக்கு

கிபூயே சந்தைக்குப் பின்னால் வெயிலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இருந்த இரண்டையும் சந்தைக்காரர்களே வெட்டி அடுப்பில் வைத்துவிட்டார்கள். எங்கள் கிசுமு நகரத்தில் இரும்பு வேலைக்காரர்களுக்குக் கடுவெயில்காரர்கள் என்றே பெயர். பெயரை வைத்தவன் அந்த வரிசையில் ஒரு பகல் உட்கார்ந்து எழுந்தவனாகத்தான் இருக்க வேண்டும். பதினேழு தகரக் கொட்டகைகள். எட்டு மணிக்குத் தகரம் சுட ஆரம்பிக்கும். மத்தியானம் ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தால் வரும், வராமலும் போகும்.

ஆறாவது கொட்டகை ஒச்சோலாவுடையது. வாசலில் அவன் மனைவி அவிட்டி மீன் வறுத்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் அவள் சட்டி பஸ் ஸ்டாண்டில்தான் இருந்தது. ஈஸ்டர் முடிந்த வாரம் அடுப்பையும் சட்டியையும் தலையில் வைத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் மீன் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். இங்கே பாதி மீன் ஈக்குத்தான். வரிசைக்காரர்கள் கேலி செய்யாமல் விடுவார்களா? பக்கத்துக் கொட்டகை ராபுரு, ஒச்சோலாவுக்கு இந்த வயதில் பொண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் வேலை ஓடவில்லை என்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். அவிட்டியும் சேர்ந்துதான் சிரித்தாள். சிரித்து வைத்தால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

பொண்டாட்டி முகத்தை ஒச்சோலா பார்த்து நாலு மாதமாகியிருந்தது. ஓரங்கள் தெரிந்தன. யார் வருகிறார், யார் போகிறார் என்பது அசைவாகத் தெரிந்தது. எதை நேராகப் பார்த்தாலும் அந்த இடத்தில் மட்டும் சாம்பல். பதினாறு வருஷம் சந்தையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெல்டிங் நெருப்பைப் பார்த்தவன் அவன். வரிசையில் எல்லாரும் அப்படித்தான். கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தினால் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இமை மேல் வைப்பார்கள், மறுநாள் சரியாகிவிடும். சரியாகாதது உள்ளே சேர்ந்துகொண்டே வந்தது.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கட்டம் போட்ட தாளைக் காட்டி, கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று கேட்டாள். ஒச்சோலா பக்கவாட்டில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காற்றில் ஆடும் வலை மாதிரி இருக்கிறது என்றான். கண்ணுக்குப் பின்பக்கத்துச் சதை வெந்துவிட்டது, ஆபரேஷனும் இல்லை, மருந்தும் இல்லை, வேலையை விட்டால் மிச்சமாவது நிற்கும் என்றார் டாக்டர். கூடவே நின்ற அவிட்டியும் அந்தத் தாளைப் பார்த்தாள். அவளுக்குக் கோடுகள் அளவுகோல் வைத்துப் போட்டது போல இருந்தன.

வேலையை விட்டுவிட்டு எதைப் பிடிப்பது? டாக்டர் அதைச் சொல்லவில்லை. கண் தெரியாத வெல்டருக்கு ஒரு ஜன்னல் கம்பி வேலைகூட வராது. வேலை வராத கொட்டகையை வரிசைக் கமிட்டி மூன்று மாதத்தில் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். மகள் அடோயோ பள்ளிக்கூட ஹாஸ்டலில் இருந்தாள். அவள் காதுக்கு விஷயம் போகக் கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் பழைய சாமான் குவியலில் அவிட்டி ஒரு முகமூடி வாங்கினாள். தலையில் மாட்டும் கறுப்பு முகமூடி, கண்ணுக்கு நேரே கெட்டியான பச்சைக் கண்ணாடி. வீட்டுக்குப் போகிற வரை அவர்கள் பேசியது ஒன்றுதான். கை ஒச்சோலாவுடையது, கண் அவளுடையது.

கையில் குறை சொல்ல முடியாது. வெல்டிங் மெஷினையே அவன்தான் செய்தான். பழைய இரும்புத் தகடுகளை அடுக்கி, எரிந்துபோன மோட்டார்களிலிருந்து உரித்த செம்புக் கம்பியைச் சுற்றி, மரப் பெட்டியில் இறக்கி, அடியில் தள்ளுவண்டிச் சக்கரம் மாட்டியிருந்தான். பெட்டியின் நெற்றியில் மூன்று போல்ட். மெல்லிய தகட்டுக்கு முதல் போல்ட், ஜன்னல் கம்பிக்கு நடு போல்ட், லாரி சட்டத்துக்குக் கடைசி. கேபிளை எதில் மாட்டுகிறோமோ அந்த அளவு கரண்ட். அதற்கு அவனுக்குக் கண் வேண்டாம். வெல்டிங் ராடு நமத்திருக்கிறதா என்று இரண்டைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவான். நமத்த ராடை அவிட்டியின் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காய வைப்பார்கள். பற்றவைக்கும்போது ராடு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது சத்தத்தில் தெரியும். சரியான தூரத்தில் இருந்தால் எண்ணெயில் ஒமேனா மீன் பொரிகிற சத்தம். தூரம் கூடினால் காற்றடிக்கிற மாதிரி இரையும், குறைந்தால் முனகி ஒட்டிக்கொள்ளும்.

அதனால் ஒரு தொல்லை. ஒச்சோலா ராடை எடுத்தால் அவிட்டி சட்டியை இறக்கிவிட வேண்டும்.

"உன் மீன் பொரியுதா, என் இரும்பு பொரியுதான்னு தெரியல, அசேம்போ மகளே" என்பான் முகமூடிக்குள்ளிருந்து. அசேம்போ அவள் பிறந்த ஊர்.

"ரெண்டையும் தின்னுதானே வளர்ந்தீங்க. சத்தம் போடாம வேலையப் பாருங்க" என்பாள் அவள்.

முகமூடி ஏன் அவன் முகத்தில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே அவள் மனத்தில் ஓடியது. வெந்து முடிந்த கண்ணுக்குக் காவலும், நல்ல கண்ணுக்கு வெறுங்காற்றும். ஆனால் மீன்காரி முகமூடி மாட்டி, ஒச்சோலா மொட்டை முகத்தோடு நின்றால் அந்த நிமிஷமே வரிசை முழுக்க விஷயம் தெரிந்துவிடும். ஒச்சோலாவுக்கும் இது தோன்றாமல் இல்லை. முகமூடிக்கு வாங்கிய உதிரிக் கண்ணாடித் துண்டு ஒன்றை அவளிடம் கொடுத்து, முந்திக்குள் மறைத்து வைத்து அது வழியாகப் பார் என்றான். இரண்டு நாள் அப்படிப் பார்த்தாள். நெருப்பு எழும் வரை அந்தக் கண்ணாடியில் ஒன்றுமே தெரியாது, நல்ல இருட்டு. ராடு முனை எங்கே நிற்கிறது என்று சொல்ல வெறுங்கண் வேண்டும். நெருப்பு எழுந்த பிறகு கண்ணாடியைத் தூக்கினால் எதிர் வரிசைக்காரன் பார்ப்பான். மீன்காரிக்கு எதற்கு வெல்டிங் கண்ணாடி? மூன்றாம் நாள் அவள் அதைத் துணியில் சுற்றி மீன் கூடைக்கு அடியில் வைத்தாள்.

"கண்ணாடியப் பிடிச்சிருக்கியா?" என்று ஒவ்வொரு ராடுக்கும் முன்னால் கேட்பான்.

"பிடிச்சிருக்கேன். ஒரு விரக்கடை இடது பக்கம். இன்னும் கொஞ்சம். இப்ப விடுங்க."

இப்படித்தான் ஈஸ்டரிலிருந்து ஆகஸ்ட் வரை ஓடியது. சாயங்காலம் அவள் கண்ணில் மணல் கொட்டும். அவன் கண்ணுக்கு என்று உருளைக்கிழங்கு நறுக்கும்போது தனக்கும் இரண்டு வில்லை நறுக்கிக்கொள்வாள். படுத்தால் இமைக்குள் நெருப்பின் வெள்ளைப் பொட்டு நிற்கும். காலையில் போய்விடும். ஜூலையில் ஒரு காலை அது போகவில்லை. மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்தாள். மறுநாளும் பொறுத்தாள். வெள்ளையாக இருந்தது மெல்லச் சாம்பலாயிற்று.

ஆகஸ்டில் ஒக்வேனோ வந்தார். மொம்பாசா துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர், சேமேயில் அப்பா வீட்டை விட்டுத் தனக்கென்று புது வளவு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்களுக்கு அது சின்ன விஷயமில்லை. விடியும் முன் மூத்த மகன் கோடரியோடும் சேவலோடும் நடக்க, மனைவி நெருப்பு எடுத்துவர, பெரியவர்கள் முன்னால் புது வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். குறித்த நாளைத் தள்ளிப்போட முடியாது. வாசலுக்கு இரட்டைக் கதவு இரும்பு கேட் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை விடியலுக்குள் மாட்டியாக வேண்டும் என்றார் ஒக்வேனோ. வரிசையில் பெரிய கொட்டகைகள் இருக்க ஆறாவதுக்கு வந்த காரணத்தையும் அவரே சொன்னார்.

"என் தம்பி வீட்டு ஜன்னல் நீ செஞ்சது. திருடன் ஜீப்புல கயிறு கட்டி இழுத்துப் பாத்தான். ஜீப்பு பம்பர்தான் வந்துச்சு."

ஒச்சோலா முகத்தில் அன்று வந்த சிரிப்பை அவிட்டி பார்த்தாள். முகத்தின் ஓரத்தில் பாதிச் சிரிப்புதான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த வாரம்தான் ராபுருவின் கொட்டகைக் கால் வளைந்தது. செவ்வாய்க்கிழமை காலை அடுப்புப் பற்றவைத்துவிட்டு நிமிர்ந்தாள், அந்தத் தூண் நடுவில் இடுப்பொடிந்து நின்றது. லாரி இடித்துவிட்டதோ என்று போய்த் தொட்டுப் பார்த்தாள். தூண் நேராக இருந்தது. மேலே போகும் கரண்டுக் கம்பிகளைப் பார்த்தாள். தன் கை விரலைப் பார்த்தாள். கட்டம் போட்ட தாள் ஞாபகத்துக்கு வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயம் என்றால் அவளுக்கு அன்றுதான் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோதுகூட அது வேறொருவர் கண்ணாகத்தான் இருந்தது.

ஒச்சோலாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ராடு பிடிக்கும் ஹோல்டரைக் கீழே வைத்துவிடுவான். இந்த கேட் மட்டும் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். புத்திசாலிப் பெண்தான். இந்த ஒரு விஷயத்தில் புத்தி அடுப்போரம் படுத்துவிட்டது.

புதன், வியாழன் இரண்டு நாளும் வேலை நடந்தது. சதுரக் குழாயில் சட்டம், குறுக்கே ஏழு கம்பிகள், இரண்டு கதவு. மூலைகளில் முதலில் புள்ளி வைத்தான். பிறகு கம்பி கம்பியாக நிரப்பினான். இரும்பு உருகி ஆறும்போது தன் பக்கம் இழுக்கும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து பற்றவைத்தால் சட்டம் வில்லாகும். அதனால் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒன்று என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். எத்தனையாவது கம்பியில் நிற்கிறோம் என்பதை அவிட்டி சொல்ல வேண்டும். புதன்கிழமை அவள் இரண்டு முறை தப்பாக எண்ணினாள். பார்க்கிற கம்பி சாம்பலுக்குள் போய்விட, அடுத்த கம்பியைக் காட்டினாள்.

வியாழன் மாலை கசடைத் தட்டி எடுத்துவிட்டு ஒச்சோலா சட்டத்தின் விளிம்பில் விரலை ஓட்டினான். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். இரண்டு கதவிலும் மூன்றாவது கம்பி தாண்டியதும் விரல் நின்றது.

"இங்க வயிறு தள்ளியிருக்கு" என்றான். "நேரா இருக்கா பாரு."

அவிட்டி பார்த்தாள். சட்டம் வளைந்துதான் தெரிந்தது. அதற்குப் பின்னால் ராபுருவின் தூணும் வளைந்து தெரிந்தது. ஏரிக் கரையிலிருந்து சந்தை வரை அவள் கண்ணில் பட்டதெல்லாம் வளைந்துதான் கிடந்தது. வளைவு இரும்பில் இல்லை, தன் கண்ணில்தான் என்று செவ்வாய்க்கிழமையே தெரிந்துகொண்டவள் அவள்.

"நேராத்தான் இருக்கு" என்றாள்.

"நல்லாப் பாரு. வெளிப்பக்கம் ரெண்டு இடத்துல சூடு காட்டினா இழுத்துக்கும். அரை மணி நேர வேலை."

"நான்தான் பாக்கறேன்ல. நூல் புடிச்ச மாதிரி இருக்கு. நேரா இருக்கிறத நெருப்பு வச்சுக் கோணலாக்கிடாதீங்க."

அவன் இன்னொரு முறை விரலை ஓட்டினான். பிறகு அந்த விரலையே கட்டை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டான். பதினாறு வருஷமாகப் பொறி பட்டுக் காய்த்துப்போன விரல்.

"அப்ப என் விரலுதான் செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு, மெஷினை அணைத்தான்.

சனிக்கிழமை ராபுருவின் மச்சானுடைய பிக்கப்பில் கேட்டை ஏற்றினார்கள். தூக்கிப் பிடிக்க ராபுருவும் வந்தான். வழியெல்லாம் அவன் பேச்சுதான். புது வளவில் கோழி அடித்திருப்பார்கள், உகாலிக் களியை மலை மாதிரி குவித்திருப்பார்கள், தன் வயிற்றுக்குத் தனியாக ஒரு கேட் போட வேண்டியிருக்கும் என்றான். ஒச்சோலாவும் சிரித்தான். அவிட்டி சாலையைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சேமேயில் ஒக்வேனோ கல்தூண்கள் கட்டி கீல் பதித்துத் தயாராக வைத்திருந்தார். முதல் கதவு கீலில் உட்கார்ந்தது. இரண்டாவதும் உட்கார்ந்தது. ராபுரு இரண்டையும் சேர்த்துச் சாத்தினான். நடுவில் இரண்டு வயிறும் முட்டிக்கொண்டன. மேலேயும் கீழேயும் கை நுழைகிற இடைவெளி. ராபுரு தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். இரும்பு கிணுங்கியது, அவ்வளவுதான். சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்துச் சட்டத்தின் மேலிருந்து கீழே பிடித்தான். அதற்குப் பிறகு அவன் தமாஷ் எதுவும் பேசவில்லை.

அந்த வளவுக்கு இன்னும் கரண்டு வரவில்லை. அங்கே எதற்கும் சூடு காட்டவோ எதையும் அறுக்கவோ முடியாது. ஒக்வேனோ கத்துகிற மனிதர் இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவிட்டிக்குப் பட்டது. அவர் கேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, புது வளவுக்கு முதல் ராத்திரியே சாத்தாத வாசல் கூடாது, எங்கள் அப்பா காலத்து மாதிரி முள்ளை வெட்டி அடைத்துக்கொள்கிறேன், இதை எடுத்துப் போய்விடுங்கள் என்றார். ஒச்சோலாவின் கையைப் பிடித்து, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றும் சொன்னார். கோழிக் குழம்பு மணம் வந்தது. யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை, இவர்களும் எதிர்பார்க்கவில்லை.

கேட்டை மறுபடி பிக்கப்பில் ஏற்றும்போது ஒச்சோலா அந்தச் சட்டத்தில் விரலை ஓட்டினான். மூன்றாவது கம்பியில் விரல் நின்றது. அவன் அங்கேயே கையை வைத்துக்கொண்டு நின்றான்.

ராபுரு அவிட்டியை வேலியோரம் தள்ளிக் கூட்டிப் போனான்.

"என்ன ஆச்சு? நீ பாத்துத்தானே சொல்லுவே? இவ்வளவு வயிறு உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"நான் என்னத்தப் பாத்துச் சொல்றேன்?" என்றாள்.

"அவனுக்குக் கண்ணு போனது வரிசைக்கே ஈஸ்டர்லேருந்து தெரியும், அசேம்போ மகளே. பதினாறு வருஷம் பக்கத்துல உக்காந்திருக்கேன். ராடு வைக்க அவன் தடவுற சத்தம் எனக்குத் தெரியாதா? கமிட்டிக்காரனுக்கும் தெரியும். வேலை போறவரைக்கும் போகட்டும், யாரும் வாயத் திறக்காதீங்கன்னு பேசிக்கிட்டோம். தெரிஞ்ச மாதிரி காட்டினா அவன் ஹோல்டரக் கீழ போட்டுருவான்னுதான் கேலியாவே பேசிக்கிட்டிருந்தேன். நீ கண்ணாடி வச்சுப் பாத்துக்கறேன்னு நெனச்சோம்."

"கண்ணாடி கூடைக்கடியில இருக்கு" என்றாள் அவிட்டி. "நீங்க பாத்துருவீங்கன்னு வச்சேன்."

ராபுரு கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் வண்டியின் முன்பக்கம் ஏறிக்கொண்டான்.

ஒச்சோலா காது கேளாதவன் இல்லை. அவளைவிட அவனுக்குக் காது கூர்மை. பிக்கப்பின் பின்பக்கம் கேட்டின் மேல் இருவரும் எதிரெதிராக உட்கார, வண்டி கிளம்பியது. வெயில் சாய்ந்திருந்தது. சாலையோரம் ஒமேனா காயப்போட்டிருந்த வலைகளின் நாற்றம் வந்து போயிற்று.

"எத்தனை நாளா வெறுங்கண்ணு?" என்றான்.

"மூணாம் நாள்லேருந்து."

"கேக்கும்போதெல்லாம் பிடிச்சிருக்கேன்னியே."

"நீங்களும்தான் விரலு செத்துப்போச்சுன்னீங்க. விரலு செத்தா போயிருந்துச்சு?"

அவன் கருவிப் பையைத் துழாவி முகமூடியை எடுத்தான். கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டி அவள் முகத்தைத் தேடிப் பிடித்து, நெற்றி, இமை, கன்னம் என்று தடவினான். அவள் இமையில் ஈரம் இருந்தது. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை. அவன் முகம் இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது, அவன் மூச்சை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"இது உன் மூஞ்சில இருந்திருக்கணும்" என்றான்.

"இருந்திருக்கணும்" என்றாள் அவிட்டி. வேண்டாம் என்றோ, போனால் போகட்டும் என்றோ சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவளுக்குத் தன் கண் மேல் ஆசை இருந்தது. அடோயோ கல்யாணத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

ஏரோபிளேன் இறங்கும் மைதானத்தை ஒட்டி வண்டி வந்தது. கிசுமுவுக்குள் போகிற அந்தத் துண்டு சாலையை இருவரும் சின்ன வயதிலிருந்து அறிவார்கள். வெள்ளைக்கோடு போட்ட சாலை, எங்கேயும் ஒரு திருப்பம் கிடையாது. சக்கரத்தின் சத்தம் மாறியதிலேயே எங்கே வந்திருக்கிறோம் என்று ஒச்சோலாவுக்குத் தெரிந்துவிட்டது.

"ரோட்டப் பாரு" என்றான். "நேரா இருக்கா?"

அவிட்டி திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள், இன்னொரு பக்கம் சாய்த்தும் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "வளைஞ்சுதான் தெரியுது."

வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது, அவர்களுக்குக் கீழே கேட் கிணுங்கிக்கொண்டே வந்தது.